குடிபுகுவார்க்கு இடனறிதல்

திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை பகைமேற் செல்லும் அரசனை நோக்கி எழுந்தவை. படையும் கொடியும் இல்லாத நமக்கு அவற்றால் ஆவது யாது என்று வகுப்பறையிலே மாணவர் வினவுவதுண்டு. வாடகை வீடு தேடி, அறியாத ஊரொன்றிற் காலடி வைக்கும் இல்லறத்தானுக்கும் அம்மூன்றறிவும் வேண்டப்படும் என்பதே நாம் கூறும் விடை. இவ்விடையை இம்மலரின் வாயிலாகச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

நமது கல்லூரியிற் பயின்றோர் பலர் ஹட்டனைச் சூழ்ந்த டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை ஆகிய இடங்களின் தோட்டங்களிலிருந்து வந்தோர். கல்வி முடிந்ததும் அவர்களுட் சிலர் ஹட்டன் நகரிலே குடியேறுகின்றனர்; சிலர் கண்டிக்கும், நுவரெலியாவுக்கும், கொழும்புக்கும் செல்கின்றனர். வேலை கிடைத்த செய்தியோடு வீடு தேடும் கவலையும் உடன் வருகின்றது. அப்பொழுது அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “அந்தப் பக்கம் பயமில்லாத இடமா?” என்பதே.

இக்கேள்வி நம் சமூகத்துக்குப் புதியது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட காலந்தொட்டு, தோட்டத் தொழிலாளியின் குடியிருப்பு அவனது தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. எந்த மேட்டில் லயம் கட்டுவது, அதில் எத்தனை காம்பிரா அமைப்பது, எக்குடும்பத்தை எதிலே இருத்துவது என்பனவற்றையெல்லாம் நிருவாகமே தீர்மானித்தது. வேலை போனால் வீடும் போயிற்று. தன் வீட்டின் பின்புறத்து மண்மேடு நிற்குமா சரியுமா என்று நம் பாட்டனார் கேட்டிருந்தாலும், வேறோர் இடத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. இடத்தைத் தாமே ஆராய்ந்து தெரியும் வாய்ப்பைப் பெற்ற முதல் தலைமுறையினராகவே நம் மாணவருட் பலர் இன்று நிற்கின்றனர். பெற்றோரிடமிருந்து இவ்வித்தையை அவர்கள் கற்றிருக்க இயலாது. ஆதலின் அதனை எழுதி வைத்தல் ஆசிரியர் கடனாகின்றது.

நிலத்தின் இயல்பு

நகரத்து ஆபத்தென்றால் கள்வரையும் குடிகாரரையும் நினைத்தல் பலர்க்கு இயல்பு. மலைநாட்டிலோ முதலில் அஞ்சத்தக்கது காலின் கீழுள்ள மண்ணேயாகும். பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் மலைச்சரிவொன்று லயங்களை மூடிற்று. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழை நாடெங்கும் 600 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவே பெருங் கூற்றாக வந்தது. அடுக்கு மாடி கட்டியவரும் லயத்தில் வாழ்ந்தவரும் அம்மண்ணுக்கு ஒரு தன்மையினரே.

ஹட்டன் போன்ற ஊரிலே சமநிலம் அரிது. வீடு கட்டுவோர் சரிவை வெட்டித் தட்டாக்கி, வெட்டிய மண்ணை முன்புறத்திற் கொட்டி நிரப்புவர். எனவே ஒரே வீட்டின் பின்பாதி உறுதியான நிலத்திலும் முன்பாதி இட்டு நிரப்பிய மண்ணிலும் நிற்றல் கூடும். வீடு பார்க்கச் செல்வோர் அறைகளை அளக்குமுன் வீட்டின் பின்னே செல்க. வெட்டிய மேடு எவ்வளவு உயரம்? அதற்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு வெளி? தாங்கு சுவர் கட்டப்பட்டிருப்பின், மண்ணுள் ஊறும் நீர் வெளியேறுதற்கு அதிலே துளைகள் விடப்பட்டுள்ளனவா? நீர் வெளியேறாத சுவர் நாட்செல்ல வயிறு தள்ளும். பின் ஒரு மழையிலே சாயும். மேட்டின் தலையிலே கான் வெட்டப்பட்டுள்ளதா, அது குப்பையால் அடைபட்டுள்ளதா என்பதையும் காண்க. பீலிக்கரையில் வளர்ந்தவர்க்கு நீரின் போக்கை அறிதல் அரிதன்று.

மண் தன் கருத்தை முன்னரே சில குறிகளாற் சொல்லும். நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்புத் தோன்றுதலும், இருந்த வெடிப்பு அகலுதலும் ஒரு குறி. கதவும் யன்னலும் முன்போல் மூடாது இறுகுதல் மற்றொன்று. மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், நிலத்திலே திடீரென ஊற்றுக் கிளம்புதல், ஓடிய ஊற்று மறைதல், தெளிந்த நீர் கலங்கி வருதல் ஆகியனவும் அவ்வகையினவே. புதுச் சுண்ணமும் புதுச் சீமெந்தும் பூசிய சுவரிலே இக்குறிகள் மறைந்திருக்கலாம். அதனால் அயல்வீட்டுச் சுவரையும் ஒருமுறை பார்த்து வருதல் அறிவுடைமை.

கண்ணாற் காண்பதோடு அமையாது ஏட்டையும் கேட்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு இலக்காகும் மாவட்டங்களின் அபாய வலயங்களை வரைபடங்களாக வரைந்து வைத்துள்ளது. நுவரெலியாவும் கண்டியும் அம்மாவட்டங்களைச் சேர்ந்தவை. அங்கே புதிதாகக் கட்டுவோர் அந்நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டைப் பெறுதல் வேண்டும். வீட்டை விலைக்கு வாங்குவோர் உறுதிப் பத்திரத்தைக் கேட்பது போலவே இவ்வறிக்கையையும் கேட்டு வாங்குக. வாடகைக்கு வருவோர் கிராம அலுவலரை அணுகி, அவ்விடத்தார் எப்பொழுதேனும் வெளியேறும்படி அறிவிக்கப்பட்டனரா என்று வினவுக. ஒரு கேள்விக்குக் காசு இல்லை.

காலத்தின் இயல்பு

சிலப்பதிகாரத்திலே பாலைக்கெனத் தனி நிலம் கூறப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதே இளங்கோவடிகள் கருத்து. இடம் ஒன்றே, காலம் மாற அதன் குணம் மாறும் என்னும் இவ்வுண்மை நம் மலைநாட்டுக்கு மிகப் பொருந்தும். இங்கே குறிஞ்சியைத் திரிப்பது வெயிலன்று, மழை. மாசி மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையிலே பொன்போல் ஒளிரும் ஒரு தெரு, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி ஆடியில் முழங்கால் நீரோடும் கானாகலாம். நவம்பர், டிசம்பர் மாதங்களின் மழையும் தாழமுக்கமும் வேறு.

ஆதலின் ஓரிடத்தை ஒருமுறை கண்டு தீர்மானித்தல் கூடாது. நான்கு வேளைகளிற் காணுதல் நன்று: பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்குமேல் ஒருமுறை, நல்ல மழையில் ஒருமுறை, சந்தையோ விழாவோ கூடிய நாளில் ஒருமுறை. ஹட்டனுக்கு இந்நான்காவது சிறப்பாக வேண்டப்படும். மார்கழிப் போயா முதல் வைகாசிப் போயா வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் புகைவண்டியிலும் பஸ்ஸிலும் வந்து இந்நகரிலே இறங்குவர். நள்ளிரவிலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். நெரிசலும் கைவரிசையும் உடன் இருக்கும். அப்பருவம் நீங்கியதும் அதே தெரு மூடுபனியிலே வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டையும் அறிந்தவனே அத்தெருவை அறிந்தவன்.

மழைக்காலத்துக்கு ஓர் அளவுகோலும் உண்டு. 24 மணி நேரத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருக்கும்படி மஞ்சள் நிற அறிவித்தலும், 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாகும்படி செம்மஞ்சள் அறிவித்தலும், 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேறும்படி சிவப்பு அறிவித்தலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாற் கணிக்கப்படுகின்றன. வீட்டு முற்றத்திலே நேரான சுவருடைய ஒரு தகரப் பேணியை வைத்தால், அதில் ஏழரைச் சென்ரிமீற்றர் நீர் நின்றபொழுதே முதற் குறியை நாமும் அறியலாம். பள்ளிச் சிறுவர் இதனைச் செய்தால் விஞ்ஞான பாடமும் ஆகும், உயிர்க்காவலும் ஆகும்.

வழியின் இயல்பு

வீடு பாதுகாப்பானதாயினும் வீட்டுக்குச் செல்லும் வழி அவ்வாறு அமையாதிருத்தல் உண்டு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியே நுவரெலியா செல்லும் ஏ 7 பெருவீதி நம் நகரின் நடுவே வளைந்து செல்கின்றது. வளைவுகளில் நடைபாதை குறுகும். மூடுபனியில் சாரதிக்கு நடப்பவர் தெரியார். பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும்பொழுது எத்தனை இடங்களில் வீதியைக் கடக்க நேரும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பஸ் நிலையத்திலிருந்தோ புகைவண்டி நிலையத்திலிருந்தோ வீடு வரை ஒருநாள் இரவிலே நடந்து பார்க்க. எத்தனை மின்விளக்குகள் எரிகின்றன? எத்தனை வீடுகளின் வாயில் வழியை நோக்கியுள்ளது? படிக்கட்டு ஏறும் குறுக்குவழி பகலில் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். இரவிலே மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைக்கு அதுவே அச்சம் தரும். ஆண்கள் மட்டும் சென்று வீடு பார்த்து முடிவு செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வழியால் நாடோறும் நடக்கப்போகிறவர்கள் தாயும் மகளுமாயின், அவர்கள் கால் நடந்து, அவர்கள் வாய் சொல்வதே தீர்ப்பாதல் வேண்டும்.

நகரின் விளிம்பிலே தேயிலை மலையை ஒட்டிய வீடு மலிவாகக் கிடைக்கலாம். அங்கே சிறுத்தை நடமாட்டத்தையும் குளவிக் கூடுகளையும் விசாரிக்க. சிறுத்தை பெரும்பாலும் மனிதனைத் தேடி வருவதில்லை. கட்டாக்காலி நாயைத் தேடி வருகின்றது. குப்பை குவியும் இடத்தில் நாய் கூடும். குப்பை ஒழுங்காக அகற்றப்படும் அயலில் இவ்விரு தொல்லையும் குறையும். தீயையும் மறத்தலாகாது. கூரையோடு கூரை தொடுத்த லயங்களிலே ஒரு காம்பிராவில் எழுந்த தீ வரிசை முழுவதையும் எரித்த செய்திகள் நமக்குப் புதியன அல்ல. நகரத்திலும் நெருங்கிய வீடுகளுக்கிடையே தீயணைக்கும் வண்டியும் நோயாளர் வண்டியும் எவ்வளவு தூரம் வரக்கூடும் என்று பார்த்துக்கொள்க.

பெயரும் உண்மையும்

இனிப் பெரும்பாலோர் முதலிற் கேட்டு முடிவு செய்யும் பொருளுக்கு வருவோம். அது அவ்விடத்தின் பெயர். “அது நல்ல பகுதி, இது கெட்ட பகுதி” என்று ஊரார் கூறுவர். அச்சொல்லிலே உண்மை பாதியும் பழகிய இகழ்ச்சி பாதியும் கலந்திருக்கும். கண்டி நகரின் மகியாவைப் பகுதியை எடுத்துக்கொள்க. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மாநகரத் துப்புரவுப் பணியில் ஈடுபடுத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். அம்முகவரி அங்குள்ள இளைஞர்க்கு வேலை தேடுமிடத்துத் தடையாக நின்றமை அறியப்பட்ட செய்தி. ஊரைத் துப்புரவாக்கியவர் வாழும் இடத்தை ஊரே கெட்ட பெயராற் சுட்டிற்று. “லயத்தவன்” என்னும் சொல்லைத் தம்மேல் எறியப் பெற்ற நம்மவர், வேறொருவர் இருப்பிடத்தை அதே வகையாக மதிப்பிடுதல் தகுமோ? தகாமை ஒருபுறமிருக்க, அஃது அறியாமையுமாம். பெயரை நம்பினோர், நல்ல பெயர் பெற்ற மேட்டிலே பின்சுவர் வெடித்த வீட்டுக்கு மும்மடங்கு வாடகை கொடுப்பர்.

நம்மவர் வாழ்வாரா என்று பார்த்துக் குடியேறுதல் மற்றொரு வழக்கம். அதன் காரணத்தை நாம் அறிவோம். 1958, 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களிலே வீடிழந்தோரும் உறவிழந்தோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவ்வச்சத்தை எளிதென்று கூறுதல் எவர்க்கும் ஆகாது. எனினும் அவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றன்று, இரண்டு. 1977 க்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல, தம்மினத்தார் நடுவே அச்சமின்றி வாழலாம் என்று வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்குச் சென்றன. பின்னர் மூண்ட போர் அவர்களை அங்கும் விடவில்லை. 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். மறுபக்கத்திலே 1983 யூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் பலரைத் தம் வீட்டுள் மறைத்துக் காத்தோர் சிங்கள, முஸ்லிம் அயலவர். காத்த கை பெரும்பாலும் முன்னரே பழகிய கையாயிருந்தது. பெயர் சொல்லி அழைக்கும் அயலவன் ஒருவன் உள்ள இடத்திலே நமக்குக் காப்பு உண்டு.

மேலைநாட்டாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961 இல் நூலெழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார், தெருவைப் பொலிஸார் மட்டும் காப்பதில்லை, கடைவாயிலிலும் யன்னலிலும் இருந்து அதனை நோக்கும் சாதாரண மக்களின் கண்களே காக்கின்றன என்று காட்டினார். சிக்காகோ நகரிலே 343 பகுதிகளில் வாழ்ந்த 8,782 பேரை 1995 இல் வினவி, றொபேட் சாம்ப்சனும் துணைவர் இருவரும் 1997 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அயலார் ஒருவரையொருவர் நம்பி, பிறர் பிள்ளை தவறு செய்யினும் தட்டிக் கேட்கும் இடங்களில் வன்செயல் குறைவு என்பதும், வறுமையின் அளவைக் கழித்துப் பார்த்த பின்னரும் அவ்வேறுபாடு நிற்கும் என்பதும் அவ்வாய்வின் முடிபு. நம் லயத்து முற்றத்திலே எவர் வீட்டுக் குழந்தை விழுந்தாலும் எடுக்கும் கை எதுவெனத் தேட வேண்டியதில்லை. அவ்வழக்கத்தை நகரத்துக்குக் கொண்டு சென்றால் நாமே அத்தெருவின் காப்பாவோம்.

எனவே அயலைச் சோதிக்க இனம் கேட்க வேண்டா. சில வினாக்கள் போதும். மூலைக் கடைக்காரர் அத்தெருவார் பெயரை அறிவாரா? சிறுவர் மாலையில் வெளியே விளையாடுகின்றனரா? முதியோர் திண்ணையில் அமர்கின்றனரா? முன்னிருந்த குடியினர் ஏன் போயினர்? வீட்டுச் சொந்தக்காரர் கூறும் விடையையும், எதிர்வீட்டார் கூறும் விடையையும், முச்சக்கரவண்டிச் சாரதி கூறும் விடையையும் ஒப்பிடுக. மூன்றும் ஒன்றாயின் நம்பலாம்.

தன்வலி அறிதல்

இவ்வளவும் கூறியபின், “ஐயா, தெரிந்தெடுக்கப் பணம் வேண்டுமே” என்று ஒருவர் கேட்பர். நியாயமான கேள்வி. மீரியபெத்தையிலே அபாயம் எவரும் அறியாததன்று. 2005 இலும் 2011 இலும் அங்கிருந்து மக்களை அகற்றும்படி எச்சரிக்கப்பட்டிருந்தது. செல்ல வேறு நிலம் ஆயத்தமாகாதபடியால் மக்கள் அங்கேயே இருந்தனர். இடத்தைக் காட்டாத எச்சரிக்கை பாதி உதவியே. மலையக மக்களுக்குத் தனி வீடும் அதற்குரிய காணியும் உரிமையோடு கிடைத்தல் வேண்டும் என்னும் கோரிக்கையின் உயிர்நிலை இதுவாகும். அதனை அரசினரும் கம்பனியாரும் நிறைவேற்றும்வரை தனியொருவன் செய்யத்தக்கது சிறிது உண்டு. அச்சிறிதையாவது அவன் விடலாகாது.

சிறந்த வீடு கைக்கெட்டாதபொழுது, கிடைத்த வீட்டிலே குறைந்த கேட்டைத் தெரிந்துகொள்க. மேட்டை ஒட்டிய அறையிற் பிள்ளைகளைப் படுக்க வைக்காதிருக்க. கானைத் துப்புரவாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சிவப்பு அறிவித்தல் வந்தால் எவ்வீட்டுக்கு, எக்கோயிலுக்கு, எப்பாடசாலைக்குச் செல்வது என்பதை வெயில் நாளிலேயே பேசி முடிவு செய்க. பிறப்பத்திரம், அடையாள அட்டை, உறுதி, சான்றிதழ் ஆகியவற்றை நனையாத ஒரு பையிலே கட்டி வைக்க. கிராம அலுவலரிடம் பதிவு செய்துகொள்க. பதியப்படாதவனை நிவாரணமும் தேடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸாருக்கு 119, நோயாளர் வண்டிக்கு 1990, இன்னலுற்ற பெண்களுக்கு 1938 என்னும் எண்களைக் கதவின் உட்புறத்திலே எழுதி ஒட்டுக.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். நீவிர் கண்டியிலும் கொழும்பிலும் நுவரெலியாவிலும் பரந்து வாழ்கின்றீர். எத்தெருவிலே நீர் ஏறும், எம்மேடு வெடித்துள்ளது, எவ்வழி இரவிலே இருண்டது என்பதை ஆண்டாண்டாக வாழ்ந்து அறிந்துள்ளீர். அவ்வறிவு உங்கள் வீட்டோடு அடங்கிப் போதல் ஆகாது. ஒவ்வொரு நகரிலும் பழைய மாணவர் ஒருவர் தம் பெயரைச் சங்கத்திற் பதிந்து, புதிதாக வரும் நம் கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்து, வீடு பார்க்க உடன் நடப்பாராயின், இவ்விழாவின் பயனாக அதுவே அமையும். அறியாத ஊரிலே அப்பிள்ளைக்கு வாய்க்கும் முதல் அயலவர் அவரே.